படிப்பகத்தின் அடுத்த அறை

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்குச் செல்லும் நெடுஞ்சாலை, நகரை விட்டு நீங்குமுன் ஓர் ஆற்றைக் கடக்கிறது. ஆற்றின் பெயரும் கரமனை. அதன் கரையிலுள்ள ஊரின் பெயரும் கரமனை. அகத்தியர்கூட மலைப்பகுதியிலே தோன்றி, அருவிக்கரை அணையிலே தங்கித் தலைநகரத்தாரின் தாகத்தைத் தணித்து, பின்னர் அரபிக் கடலை நாடிச் செல்லும் இவ்வாற்றின் கரையிலே பல தலைமுறைகளுக்கு முன்னரே தமிழர்கள் குடியேறினர். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள் வரிசையாக நிற்கும் அக்கிரகாரத் தெருக்களிலே இன்றும் காலை வேளையில் வாசற்கோலம் காணலாம். தமிழிசைக்குத் தொண்டு செய்த நீலகண்ட சிவன் அவர்களின் பெயரோடு இவ்வூரின் பெயரும் சேர்ந்தே வழங்கி வருகிறது. வீட்டினுள் பேசுவது தமிழ்; பள்ளியிலே எழுதுவது மலையாளம்; அலுவலகத்திலே கையாளுவது ஆங்கிலம். இம்மூன்றுக்குமிடையே நாள்தோறும் போய் வருவது இவ்வூர்த் தமிழரின் வாழ்க்கை.

1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று மாநிலங்கள் மொழிவழியே திருத்தியமைக்கப்பட்டபொழுது, தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தன. கரமனையிலே இருந்தோர் இருந்த இடத்திலேயே இருந்தனர். ஆயினும் அன்று முதல் அவர்களும் வெளிமாநிலத் தமிழராயினர். மும்பையிலும் தில்லியிலும் பெங்களூரிலும் வாழும் அன்பர்களாகிய நீங்கள் புறப்பட்டுப் போய் எய்திய நிலையை, இவர்கள் புறப்படாமலே எய்தினர் என்று சொல்லலாம். ஆகவே கரமனையைப் பற்றி நாம் கூறுவது உங்கள் தெருவுக்கும் பொருந்தும் என்று நம்புகிறோம்.

நாம் மத்திய அரசிலே மொழிபெயர்ப்புப் பணி புரிகிறோம். மாலை வேளையில் கரமனைத் தெருக்களிலே நடந்து வருவது எமது வழக்கம். அங்கே நாம் அடிக்கடி காணும் காட்சிகள் இரண்டு. ஓய்வூதியம் பெறும் முதியவர் ஒருவர், தாம் உயிரோடிருப்பதற்குச் சான்று அனுப்ப வேண்டியவராய்க் கையிலே காகிதக் கட்டோடு யாரையோ எதிர்பார்த்துத் திண்ணையில் அமர்ந்திருக்கிறார். கணிப்பொறியின் வாயிலாகவே அச்சான்றினை அனுப்பும் வசதியை மத்திய அரசு 2014-ஆம் ஆண்டு நவம்பரில் ஏற்படுத்தியது உண்மையே. ஆனால் முதியவரோ அப்பொறியை அறியார். அதே வீட்டிலே பத்து வயதுப் பேரன் ஒருவன். கைப்பேசியிலே அவன் விரல்கள் விளையாடும் வேகம் வியப்பளிக்கும். எனினும் பாட்டிக்குத் திருநெல்வேலியிலிருந்து வந்த கல்யாணப் பத்திரிகையை அவனால் வாசிக்க முடியவில்லை. அவன் தமிழ் பேசுவான். தமிழ் எழுத்தை அறியான்.

பொறியறியாத பாட்டனாரும் எழுத்தறியாத பேரனும் ஒரே மேசையின் முன் அமர்ந்து கற்கத்தக்க ஒரு பொதுக் கணிப்பொறி அறை, குறைந்த செலவிலே, தாமதமின்றி அமையக் கூடுமா? இதுவே நாம் எடுத்துக்கொண்ட வினா. இதற்கு விடை கூறத் தொழில்நுட்ப நிபுணரைத் தேடுமுன் வரலாற்றைக் கேட்பது நலம். ஏனெனில், இத்தகைய அறைகள் உலகில் பலமுறை தோன்றியிருக்கின்றன. சில நிலைத்தன, பல மறைந்தன. நிலைத்தவற்றுக்கும் மறைந்தவற்றுக்கும் உள்ள வேற்றுமை பொறியின் விலையால் உண்டானதன்று.

முதலில் கணிப்பொறிக்கு முற்பட்ட கதையைப் பார்ப்போம். திருவிதாங்கூரின் தலைநகரிலே, சுவாதித் திருநாள் மகாராஜா காலத்தில், 1829-ஆம் ஆண்டிலேயே ஒரு பொது நூலகம் தோன்றியது. ஆயினும் நாட்டுப்புறத்திலுள்ள ஏழை எளியவருக்கு நூல் கிட்டுவதற்கு மேலும் ஒரு நூற்றாண்டு செல்ல வேண்டியிருந்தது. 1926-இல் நீலம்பேரூர் என்னும் சிற்றூரிலே பி. என். பணிக்கர் என்ற பள்ளி ஆசிரியர் ஒரு சிறு நூலகத்தைத் தொடங்கினார். 1945-ஆம் ஆண்டு செப்டம்பர் 14-ஆம் நாள், அம்பலப்புழையிலே 47 நூலகங்களின் சார்பாளர்களை அவர் ஒன்று கூட்டினார். அக்கூட்டமே பிற்காலத்திலே கேரள கிரந்தசாலா சங்கமாக வளர்ந்தது. அதன் குடையின்கீழ் நூலகங்கள் ஆயிரக்கணக்கில் பெருகின. 1975-இல் அச்சங்கம் யுனெஸ்கோவின் குரூப்ஸ்காயா பரிசினையும் பெற்றது. பணிக்கர் மறைந்த ஜூன் 19-ஆம் நாள் இன்று வாசிப்பு நாளாகக் கொண்டாடப்படுகிறது.

தமிழ்நாடும் இதிலே பின்தங்கியிருக்கவில்லை. 1931-ஆம் ஆண்டு அக்டோபரிலே, மன்னார்குடியை அடுத்த மேலவாசல் கிராமத்தில், மாட்டு வண்டியிலே அமைந்த நடமாடும் நூலகம் ஒன்று தொடங்கப்பட்டது. வண்டியை அமைத்து அளித்தவர் ஓய்வு பெற்ற பொறியாளரான கனகசபைப் பிள்ளை. தொடங்கி வைத்தவர் நூலகத் துறையின் தந்தை எனப் போற்றப்படும் எஸ். ஆர். ரங்கநாதன் அவர்கள். கட்டடத்திற்குப் பணம் சேரட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. ஊரிலே வண்டி இருந்தது, மாடு இருந்தது, பாதை இருந்தது. இவற்றோடு நூலை மட்டுமே சேர்த்தார்கள். குறைந்த செலவும் விரைந்த செயலும் எங்கே பிறக்கின்றன என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

கேரளத்து ஊர்ப் படிப்பகங்களுக்கும் இதுவே அடிப்படை. ஒருவர் இடம் தந்தார். மற்றொருவர் பெஞ்சு தந்தார். வீடு வீடாகச் சென்று நூல் திரட்டினர். மாலையிலே குறித்த நேரத்தில் ஓர் இளைஞர் கதவைத் திறந்தார். செய்தித்தாள் வாசிக்கத் தெரியாதவருக்கு வாசிக்கத் தெரிந்தவர் உரக்க வாசித்துக் காட்டினார். 1990-இல் எர்ணாகுளம் மாவட்டம் முழு எழுத்தறிவு பெற்றதாகவும், 1991 ஏப்ரலில் கேரள மாநிலமே அந்நிலை எய்தியதாகவும் அறிவிக்கப்பட்டன. அந்த வெற்றிக்குப் பின்னால் ஊதியம் கருதாத தொண்டர்களும், அவர்கள் கூடி அமர்வதற்கு இத்தகைய படிப்பகங்களும் இருந்தன.

இனிக் கணிப்பொறிக்கு வருவோம். பொதுமக்கள் வந்து தொட்டுப் பயன்படுத்தும் பொருட்டுப் பொது இடத்திலே கணிப்பொறி முனையம் வைக்கப்பட்ட முதல் முயற்சிகளுள் ஒன்று, 1973-ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் பெர்க்லி நகரில் நிகழ்ந்தது. ஓர் இசைத்தட்டுக் கடைக்குச் செல்லும் மாடிப்படியின் அருகே, தொலைபேசிக் கம்பியின் வழியே பெரிய கணிப்பொறியோடு இணைக்கப்பட்ட ஒரு தட்டெழுத்துப் பொறியை வைத்தனர். அதன் இரைச்சலைக் குறைக்க அட்டைப்பெட்டி ஒன்றால் மூடினர். வாடகை வீடு தேடுவோரும், உடன் வாசிக்க வாத்தியக்காரரைத் தேடுவோரும் தங்கள் வேண்டுகோளை அதிலே பதிந்தனர். இங்கே நம் கருத்தைக் கவர்வது ஒரு சிறு செய்தி. பொறியின் அருகே எப்பொழுதும் ஒருவர் அமர்ந்து, தயங்கி நின்றவரை அழைத்துக் கற்றுக் கொடுத்தார். ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னரே, பொறியோடு ஓர் ஆளும் வேண்டும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

1985-இல் சுவீடன் நாட்டின் மலைப்பகுதியிலுள்ள வெம்டாலன் என்னும் சிற்றூரிலே, ஊரார் பொதுவில் பயன்படுத்தத்தக்க கணிப்பொறிக் கூடம் ஒன்று திறக்கப்பட்டது. வேலை தேடி நகரத்துக்குச் செல்லும் இளைஞரை ஊரிலேயே நிறுத்துவது அதன் நோக்கங்களுள் ஒன்று. பிற நாடுகளும் அதனைப் பின்பற்றின. 2001-இல் பிரேசில் நாட்டின் சாவோ பாவுலோ நகராட்சி, தொழிலாளர் மிகுந்து வாழும் கிழக்குப் புறநகரிலே முதற் கூடத்தைத் திறந்தது. சில ஆண்டுகளிலே அவை நூற்றுக்கு மேற்பட்டன. அங்கே செலவைக் குறைத்த உபாயம் இரண்டு. உரிமக் கட்டணம் இல்லாத கட்டற்ற மென்பொருளைக் கொண்டது ஒன்று. ஒரு வலிய பொறியை நடுவே வைத்து, வட்டு இல்லாத எளிய முனையங்களை அதனோடு பிணைத்தது மற்றொன்று.

தமிழருக்கு மிக அண்மையதும் மிக அரியதுமான சான்று புதுச்சேரியிலே உள்ளது. 1998-இல் எம். எஸ். சுவாமிநாதன் ஆய்வு நிறுவனம், வில்லியனூரை மையமாகக் கொண்டு சுற்றுக் கிராமங்களிலே தகவல் நிலையங்களை நிறுவியது. பொறிகளை நிறுவனம் தரும். இடத்தையும் பணி புரியும் தொண்டர்களையும் ஊர் தர வேண்டும். சாதி வேற்றுமை பாராமல் அனைவரும் உள்ளே வரத்தக்க இடமாக அது இருத்தல் வேண்டும் என்பது உடன்பாடு. தொண்டர்களிலே பெண்கள் பலர். மின்சாரம் தடைப்படும் ஊர்களிலே சூரிய ஒளித் தகடுகள் துணை புரிந்தன. வீராம்பட்டினம் போன்ற மீனவர் ஊர்களிலே, கடலின் அலையுயரம் பற்றிய குறிப்பைக் கணிப்பொறியிலே பெற்று, ஒலிபெருக்கி வாயிலாகக் கரையெங்கும் கேட்கும்படி அறிவித்தனர். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் கணிப்பொறி பயன்பட்டது இவ்வாறே.

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் காலையிலே ஆழிப்பேரலை வந்தது. புதுச்சேரிக் கடற்கரையிலுள்ள நல்லவாடு என்னும் மீனவர் ஊரைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் அப்பொழுது சிங்கப்பூரிலே பணியாற்றி வந்தார். செய்தியறிந்த அவர் உடனே தொலைபேசியிலே ஊருக்கு எச்சரிக்கை விடுத்தார். ஊரார் தகவல் நிலையத்தின் ஒலிபெருக்கியை இயக்கினர். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் மேட்டு நிலத்துக்கு ஓடி உயிர் தப்பினர். பிழைப்புக்காகக் கடல் கடந்து சென்ற ஒரு தமிழ் மகனின் குரலும், ஊர் நடுவே இருந்த ஒரு சிறு அறையும் சேர்ந்து செய்த அருஞ்செயல் அது. அந்தக் கணத்திலே பயன்பட்டது உயர்ந்த விலைப் பொறியன்று என்பதை நாம் நினைவில் வைக்க வேண்டும். எந்த எண்ணுக்குத் தொலைபேசி செய்வது, யார் கதவைத் திறப்பார், எந்த ஒலிபெருக்கி என்பன ஊராருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தன. அந்தப் பழக்கமே உயிர் காத்தது.

கேரளத்துக்குத் திரும்புவோம். 2001-ஆம் ஆண்டு ஜூலையிலே, கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் முதல்வரான ரிச்சர்டு ஸ்டால்மன் திருவனந்தபுரத்துக்கு வந்து, அவ்வியக்கத்தின் இந்தியக் கிளையைத் தொடங்கி வைத்தார். அதே காலத்திலே பள்ளிகளில் கணிப்பொறிக் கல்வியைப் பரப்பும் அரசுத் திட்டமும் தோன்றியது. அத்திட்டம் பின்னர்க் கட்டற்ற மென்பொருளையே தழுவிக்கொண்டது. ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்கு உரிமக் கட்டணம் மிச்சமாயிற்று; ஆசிரியர்களும் மென்பொருளைத் தம் பாடத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளும் உரிமை பெற்றனர்.

2002 நவம்பரிலே, குடியரசுத் தலைவராயிருந்த ஏ. பி. ஜெ. அப்துல் கலாம் அவர்கள் அட்சயா திட்டத்தைத் தொடங்கி வைத்தார். மலப்புறம் மாவட்டத்திலே வீட்டுக்கு ஒருவரேனும் கணிப்பொறியை இயக்கக் கற்க வேண்டும் என்பது குறிக்கோள். ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் ஒரு நிலையம். நிலையம் ஒன்றுக்கு ஐந்து முதல் பத்துப் பொறிகள். 15 மணி நேரப் பாடம். ஒரு குடும்பத்துக்கு ஆகும் கட்டணம் 140 ரூபாயில் 120 ரூபாயை உள்ளாட்சி அமைப்புகளே ஏற்றன. குடும்பம் தந்தது 20 ரூபாய். அறுநூறுக்கு மேற்பட்ட நிலையங்கள் தோன்றின. பாட்டிமாரும் மீனவப் பெண்களும் சுட்டெலியைப் பிடித்துப் படம் வரைந்தனர். இரண்டே ஆண்டுகளிலே, 2004-இல், மலப்புறம் நாட்டின் முதல் கணிப்பொறி எழுத்தறிவு மாவட்டமாக அறிவிக்கப்பட்டது.

ஆயினும் இங்கே ஒரு மாற்றத்தையும் குறிப்பிடுதல் கடமை. கற்பிக்கும் பணி முடிந்த பின்னர், அட்சயா நிலையங்கள் மெல்ல மெல்லச் சேவைச் சாளரங்களாக மாறின. கட்டணம் செலுத்துதல், விண்ணப்பம் அனுப்புதல், அடையாள அட்டை பதிதல் ஆகியவற்றை அங்கே நமக்காகச் செய்து தருகிறார்கள். அவை செவ்வனே நடைபெறுகின்றன. மக்களுக்குப் பெருந்துணையாகவும் விளங்குகின்றன. ஆனால் செய்து தரும் சாளரம் வேறு, செய்யக் கற்பிக்கும் அறை வேறு. சாளரத்தின் முன் நின்றவர் அடுத்த ஆண்டும் சாளரத்தையே நாடுவார். அறையிலே அமர்ந்தவர் அடுத்த ஆண்டு தம் அண்டை வீட்டாருக்குக் கற்பிப்பார். கரமனைத் திண்ணையிலே காத்திருக்கும் முதியவருக்கு இன்று சாளரம் கிட்டுகிறது, அறை கிட்டவில்லை.

அறையின் பணி எத்தகையது என்பதைத் திருவனந்தபுரம் மாவட்டத்துப் புல்லம்பாறை ஊராட்சி பின்னர் எடுத்துக்காட்டியது. வேலை உறுதித் திட்டத்திலே உழைக்கும் பெண்கள், கூலி வந்ததா என்று அறிய ஒரு நாள் வேலையை விட்டு வங்கிக்குச் செல்ல வேண்டியிருந்தது. கைப்பேசியிலேயே அதனை அறியக் கற்றுக்கொண்டால் அந்த நாட்கூலி மிஞ்சுமன்றோ? 2021-இல் தொண்டர்கள் வேலைத்தலத்துக்கே சென்று கற்பித்தனர். 2022 செப்டம்பரில் அவ்வூராட்சி முழு மின்னெழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது. அவ்வழியிலே மாநிலம் முழுவதும் கணக்கெடுத்து, 21 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குப் பயிற்சி அளித்து, 2025 ஆகஸ்டு 21-ஆம் நாள் கேரளமும் அவ்வாறே அறிவிக்கப்பட்டது.

விரைவைப் பற்றிய பாடத்தை 2020-ஆம் ஆண்டு கற்பித்தது. கொள்ளைநோய்க் காலத்திலே பள்ளிகள் மூடப்பட்டன. ஜூன் முதல் நாள் தொலைக்காட்சி வழியே பாடங்கள் தொடங்கின. தமிழ்வழி பயிலும் பிள்ளைகளுக்கும் இணையத்தின் வாயிலாகப் பாடங்கள் தயாராயின. ஆனால் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர் வீடுகளிலே அவற்றைக் காணும் வசதி இல்லை என்பது தெரிய வந்தது. முதல் இரண்டு வாரமும் சோதனை ஒளிபரப்பு என்று அறிவித்து, அதற்குள் ஊர்தோறும் பொதுக் கல்வி மையங்களை ஏற்படுத்தினர். எங்கே ஏற்படுத்தினர்? நூலகங்களிலும், அங்கன்வாடிகளிலும், சமுதாயக் கூடங்களிலும். புதிய கட்டடம் எழுப்ப எண்ணியிருந்தால் ஓராண்டு சென்றிருக்கும். பெஞ்சும் விளக்கும் திறவுகோல் வைத்திருக்கும் ஆளும் முன்னரே இருந்தமையால், ஒரு தொலைக்காட்சிப் பெட்டியைக் கொண்டு வந்து வைத்த அன்றே வகுப்பு நடந்தது. 1945-இல் அம்பலப்புழையிலே நட்ட மரத்தின் நிழலிலே, 75 ஆண்டு கழித்துப் பிள்ளைகள் அமர்ந்து படித்தனர் என்று சொன்னால் மிகையாகாது.

இதற்கு மாறான காட்சி ஒன்றையும் எமது பணிக்காலத்திலே கண்டிருக்கிறோம். ஊரின் பெயரும் அமைப்பின் பெயரும் இங்கே வேண்டா. ஓரிடத்திலே நன்கொடையாகப் பன்னிரண்டு புதிய பொறிகள் வந்தன. திறப்பு விழா சிறப்பாக நடந்தது. அழைப்பிதழைத் தமிழாக்கித் தந்தவர்களுள் நாமும் ஒருவராயிருந்தோம். பழுதாகிவிடும் என்னும் அச்சத்தால் அறையைப் பூட்டித் திறவுகோலை ஒருவர் தம் பையிலே வைத்துக்கொண்டார். அவர் விடுப்பிலே சென்றால் அறையும் விடுப்பிலே சென்றது. இரண்டு மழைக்காலம் கழிந்து நாம் மீண்டும் சென்றபொழுது, பொறிகளின் மீது போர்த்திய துணியிலே பூஞ்சை படர்ந்திருந்தது, மின்கலங்கள் உயிரிழந்திருந்தன. பணம் குறைவாயிருந்தமையால் அவ்வறை கெடவில்லை. கதவு திறக்கும் பழக்கம் அங்கே இல்லாமையால் கெட்டது. நாம் எழுதித் தந்த அழைப்பிதழை நினைத்து அன்று நாணினோம்.

இவ்வரலாற்றின் துணைகொண்டு, கரமனை போன்ற ஓர் இடத்திலே ஒரு மாதத்துக்குள் அறை அமைக்க விரும்புவோர் எவ்வரிசையிலே செல்லலாம் என்று எண்ணிப் பார்ப்போம். முதலில் பொறி வாங்கலாகாது. முதலில் நேரம் குறிக்க வேண்டும். ஏற்கெனவே மாலைதோறும் திறக்கும் ஒரு படிப்பகத்தையோ, சங்கத்தின் கூடத்தையோ தேர்ந்து, எந்தக் கிழமை யார் திறப்பார் என்று பெயரெழுதிச் சுவரிலே ஒட்டுக. ஒருவருக்கு ஒரு திறவுகோல் என்றிராமல் மூவரிடம் திறவுகோல் இருக்கட்டும். ஆற்றை அடுத்த தாழ்ந்த இடமாயின் மேல்மாடியே நலம்.

அடுத்தது மின்சாரம். துலா மாதத்து மாலைகளிலே இப்பகுதியில் இடியும் மின்னலும் மிகுதி. ஆகையால் நிலத்தொடர்புக் கம்பியைத் தேர்ந்த மின்பணியாளரைக் கொண்டு சோதிப்பதற்குச் செய்யும் செலவு வீணாகாது. பழைய கண்ணாடிக் குழாய்த் திரையுடைய பொறி ஒன்று ஏறக்குறைய 150 வாட் மின்சாரம் கொள்ளும். பத்துப் பொறிக்கு 1,500 வாட். தட்டைத் திரையும் சிறிய முனையமும் சேர்ந்து 40 வாட் அளவிலே அடங்கும். பத்துக்கு 400 வாட். இந்த வேற்றுமையால், வீட்டிலே வைக்கும் அளவுள்ள ஓர் இன்வெர்ட்டரே மின்தடையின்போது அறையைத் தாங்கிக்கொள்ளும். 2012-இல் இங்கிலாந்தில் வெளியான ராஸ்பெர்ரி பை என்னும் உள்ளங்கை அளவுப் பொறியும், அதனைப் போன்ற பிறவும் இத்தகைய முனையங்களாக அமையத் தக்கவை.

மூன்றாவது பொறி. சாவோ பாவுலோவிலே கண்ட முறையே இங்கும் ஏற்றது. நினைவகம் மிகுந்த ஒரு நல்ல பொறியை நடுநாயகமாக வைத்து, மற்றவற்றை அதன் வட்டிலிருந்தே இயங்கச் செய்யலாம். இதற்கு வேண்டிய கட்டற்ற மென்பொருள் 1999 முதலே கிடைத்து வருகிறது. ஓர் இருக்கைக்கு ஒரு ஜிகாபைட் நினைவகம் என்று கொண்டால், பத்து இருக்கைக்கும் நடுப்பொறியின் சொந்தத் தேவைக்கும் சேர்த்து 16 ஜிகாபைட் போதும். அலுவலகங்கள் ஒதுக்கும் பழைய பொறிகளும் முனையங்களாகப் பயன்படும். முனையங்களிலே வட்டு இல்லாமையால் அதிலே பழுது நேர இடமில்லை. புதிய மென்பொருளை நடுப்பொறியிலே ஒருமுறை ஏற்றினால் பத்திலும் ஏறிவிடும். நடுப்பொறி நின்றால் அனைத்தும் நிற்கும் என்னும் குறை உண்டு. ஆகவே அதன் வட்டுக்கு ஒரு படியெடுத்து வேறிடத்திலே வைப்பது தவிர்க்க முடியாத கடமை. காற்றலை இணைப்பை நம்பாமல் கம்பியாலே இணைப்பது உறுதியானது. ஒரு கம்பி 100 மீட்டருக்கு மேற்படாமல் இருந்தால் போதும், ஊர்க் கூடத்துக்கு அது தாராளம்.

நான்காவது ஆள். பெர்க்லியிலே பொறியருகே அமர்ந்திருந்தாரே, அவரைப் போன்ற ஒருவர். கல்லூரி மாணவர் ஒருவரும் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரும் இணைந்தால் மிக நன்று. முன்னவருக்குப் பொறி தெரியும். பின்னவருக்குப் பொறுமை தெரியும். கற்க வந்தவரின் கையிலிருந்து சுட்டெலியைப் பிடுங்கித் தாமே செய்து காட்டலாகாது என்பது ஒன்றே அவர்கள் காக்க வேண்டிய விதி. முதியவர் தம் விரலாலே, தாமே, மூன்றாம் முறையிலேனும் சரியாகச் செய்யட்டும். அவர் மறைச்சொல்லை எவரும் எழுதி வைத்துக்கொள்ளாதிருக்கட்டும். பொது அறையிலே நம்பிக்கையைக் காப்பது பொறியைக் காப்பதினும் முதன்மையானது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அறையின் வாசல் யாவருக்கும் திறந்திருத்தல் வேண்டும். ஆலயக் கதவுகளே அனைவருக்கும் திறக்க 1936-ஆம் ஆண்டு நவம்பர் வரை காத்திருந்த நாடு இது. நம் பழைய தெருக்களிலே எல்லோரும் நடக்க இயலாத காலமும் இருந்தது. அந்நிழல் புதிய அறையின் மீது விழலாகாது. புதுச்சேரிக் கிராமங்களிலே விதித்த நிபந்தனையைக் கரமனையிலும் விதிக்க வேண்டும். தெருவிலே குப்பை எடுக்கும் பெண்ணும், வடநாட்டிலிருந்து கட்டட வேலைக்கு வந்த தொழிலாளியும் தயங்காமல் நுழையத்தக்க வாசலே பொதுவாசல். நாம் வேற்றிடத்திலே இருந்தால் எத்தகைய வரவேற்பை விரும்புவோமோ, அத்தகையதை இங்கே வேற்றிடத்தார்க்கு அளிப்பது வெளிமாநிலத் தமிழருக்குச் சிறப்பாக உரிய அறம்.

இனிப் பேரனின் செய்தி. 1999-இல் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டை அடுத்துத் தமிழ்நாட்டு அரசு ஏற்றுக்கொண்ட தமிழ் விசைப்பலகை, உயிரெழுத்துகளை இடக்கைக்கும் மெய்வரிசையைப் பெரிதும் வலக்கைக்கும் தந்தது. உயிரும் மெய்யும் சேர்ந்து உயிர்மெய்யாகும் இலக்கணத்தையே இரு கைகளும் நடித்துக் காட்டுவது போன்ற அமைப்பு அது. எழுத்தறியாத சிறுவன் ககரத்தையும் இகரத்தையும் தட்டித் திரையிலே ‘கி’ தோன்றக் காணும்பொழுது, தமிழெழுத்தின் கட்டுமானம் அவனுக்கு விளையாட்டாகவே விளங்கிவிடும். 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை மின்னூலாக்கி விலையின்றித் தருகிறது. வெளிநாட்டிலும் வெளிமாநிலத்திலும் வாழும் தமிழரைக் கருதி 2001-இல் திறக்கப்பட்ட இணையப் பல்கலைக்கழகம், இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என்னும் பெயரோடு பாடங்களையும் நூலகத்தையும் வழங்கி வருகிறது. 2003-இல் தோன்றிய தமிழ் விக்கிப்பீடியாவை முழுமையாக இறக்கி நடுப்பொறியிலே வைத்துக்கொண்டால், இணையம் அறுந்த நாளிலும் அறை வெறுமையாகாது.

பாட்டி தன் இளமையிலே பாடிய தாலாட்டைச் சொல்லச் சொல்லப் பேரன் தட்டட்டும். அவளுக்கு எழுத்துத் தெரியும், பொறி தெரியாது. அவனுக்குப் பொறி தெரியும், எழுத்துத் தெரியாது. ஒருவர் குறையை மற்றவர் நிரப்ப, ஒரு பக்கம் தமிழ் உருவாகும். அதை அச்சிட்டு அவ்வறையின் சுவரிலே ஒட்டுவோமாயின், அடுத்த வாரம் அடுத்த வீட்டுப் பாட்டியும் வருவாள். இதற்கு ஆகும் செலவு ஒரு தாள்.

அன்பர்களே, உங்கள் ஊரிலும் ஒரு தமிழ்ச் சங்கம் இருக்கும். அதற்கு ஒரு கூடமும் இருக்கும். ஆண்டிலே இரண்டு விழாவுக்கு மட்டும் அது திறக்கிறதா, அன்றி மாலைதோறும் திறக்கிறதா என்று பாருங்கள். மாலைதோறும் திறக்குமாயின், கணிப்பொறி அறையின் பெரும்பகுதி அமைந்துவிட்டது என்றே கொள்ளலாம். எஞ்சியதைப் பழைய பொறிகளும் ஒரு சுருள் கம்பியும் நிறைவு செய்யும். திறவாத கூடமாயின், பொறி வாங்கும் பேச்சைச் சில வாரம் தள்ளி வைத்து, இன்று மாலை கதவைத் திறந்து ஒரு செய்தித்தாளைப் பெஞ்சின் மீது வைப்பதே முதற் பணியாகட்டும். நீலம்பேரூரிலே பணிக்கர் தொடங்கியதும் அவ்வாறே. மன்னார்குடி வண்டி புறப்பட்டதும் அவ்வாறே. கரமனையின் திண்ணையிலே காத்திருக்கும் முதியவர் எழுந்து வந்து அமர ஓர் இருக்கை வேண்டும். அருகே அவர் பேரனுக்கும் ஓர் இருக்கை வேண்டும். அவ்விரு இருக்கைகளையும் இட நாம் இன்னும் எதற்காகக் காத்திருக்க வேண்டும்?